மானுடவியல், மரபணுவியல், அதிகாரம்: முனைவர் ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மானுடவியல், மரபணுவியல், அதிகாரம் பற்றிய விமர்சன ஆய்வு ஆகிய மூன்றையும் பெயர்ப்பலகையிலேயே சேர்த்து எழுதியிருக்கும் துறையைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அப்படித் தேடித்தான் பலர் ஒரு வருடத்தை வீணாக்குகிறார்கள். இந்தப் படிப்பு துறையின் பெயரில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. ஒரு வளாகத்தில் பழைய எலும்பிலிருந்து தொல் டிஎன்ஏ எடுக்கும் ஆய்வகம் மானுடவியல் துறைக்குள் இருக்கும். அதே வளாகத்தில் இன்னொரு கட்டடத்தில் அறிவியலையும் நீதியையும் சேர்த்துப் படிக்கும் குழு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நடந்து போய் வர அனுமதிக்கும் ஒரு கைடு கிடைத்தால் உங்களுக்கு இடம் கிடைத்தது போல.

அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் கேள்வி, பிறகு வீட்டிலிருந்தே ஒரு சோதனை ஓட்டம், பிறகு ஆட்கள், கடைசியாக விண்ணப்பம். ஆகஸ்டில் வகுப்பில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டு மே மாதமே தொடங்க வேண்டும். அதாவது 15 மாதம். செப்டம்பரில் தொடங்குபவர்களின் நோக்கக் கடிதம் (எல்லோரும் எஸ்ஓபி என்பார்கள்) படித்த உடனே தெரிந்துவிடும். அதில் ஆர்வம் நிறைய இருக்கும், கேள்வி இருக்காது.

கேள்வியை எப்படிக் கட்டுவது

இந்தப் பரப்பில் மூன்று வகை வேலை இருக்கிறது. ஒன்று, மரபணு ஆய்வை நீங்களே செய்வது: மாதிரி, பிப்பெட் (ஆய்வகத்தில் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி), கணினி. இரண்டு, அதைச் செய்பவர்களையும் செய்யப்படுபவர்களையும் களத்தில் இருந்து பார்ப்பது: பரிசோதனை முகாமில், ஆய்வகத்தில், நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவது. மூன்று, ஆவணக் காப்பகம்: இன்றைய மரபணு வகைப்பாடுகள் எந்தப் பழைய பட்டியலிலிருந்து வந்தன என்று தேடுவது. மூன்றையும் செய்கிறேன் என்று எழுதினால் தேர்வுக் குழு நம்பாது. ஒன்றை முதன்மையாக வையுங்கள், இன்னொன்றைத் துணையாக வையுங்கள். மூன்றாவதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

வேண்டாத கேள்வி எது என்று முதலில் சொல்லிவிடலாம். ‘தமிழர்களின் தோற்றத்தை டிஎன்ஏ மூலம் நிரூபிக்க விரும்புகிறேன்’ என்பது வேண்டாத கேள்வி. விடையை முன்பே வைத்துக்கொண்டு அதற்கு மாதிரி தேடுகிறது அது. ‘தமிழர்’ என்ற வகையை யார், எப்போது, எதற்காக வரைந்தார்கள் என்று கேட்கவே இல்லை.

வேண்டிய கேள்வி எப்படி இருக்கும்? நீலகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) பற்றிய இந்தியாவின் முதல் பதிவுகளில் ஒன்று 1952-ல் அங்குள்ள பழங்குடியினரிடமிருந்து வந்தது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. பரிசோதனை முடிந்தவர் கையில் ஓர் அட்டை தருகிறார்கள். நோயில்லை, கடத்துபவர் (தனக்கு நோயில்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்), நோயாளி என்று அதில் இருக்கும். கடத்துபவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. இது அறிவியல். ஆனால் அந்த அட்டை வீட்டுக்குள் போனபின் கல்யாணப் பேச்சில் யார் அதைக் கேட்கிறார்கள்? பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? ‘கடத்துபவர்’ என்ற சொல்லை செவிலியர் அந்த மக்களின் மொழியில் எப்படிச் சொல்கிறார்? அட்டையில் இருக்கும் தகவல் எந்தக் கணினியில் சேர்கிறது, அதை யார் திறக்கலாம்? மரபணு, களப்பணி, அதிகாரம் மூன்றும் இந்தக் கேள்விக்குள் தாமாகவே வந்துவிடுகின்றன.

ஆவணக் காப்பகத்தை விரும்புபவருக்குச் சென்னையே போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளவுக்கருவியால் அளந்து சாதிவாரியாகப் பதிவு செய்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-ல் வந்தன. இன்றைய மரபணுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் வரும் குழுப் பெயர்களை அந்தத் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பெயர் அப்படியே வந்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்பதே ஒரு நல்ல எழுத்து மாதிரிக்கான விஷயம்.

ஓர் எச்சரிக்கை. தென்னிந்தியத் தொல் எலும்பை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிடாதீர்கள். வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவுக்கு டிஎன்ஏ கிடைத்தது. 2019-ல் வெளியான அந்தக் கட்டுரையின் மையமே அந்த ஒருவர்தான். கீழடியை ஒட்டிய கொந்தகையின் ஈமத்தாழி எலும்புகள் மீது எல்லோருக்கும் ஆசை இருக்கிறது, அந்த ஆசை நியாயமானதும்தான். ஆனால் ஐந்து வருட உதவித்தொகைக்குள் முடிக்க வேண்டிய ஒருவர் தன் முழு ஆய்வேட்டையும் அதன்மேல் ஏற்றி வைப்பது ஆபத்து. அதை ஓர் அத்தியாயமாக வைத்து, எலும்பு எதுவும் தராவிட்டாலும் நிற்கக்கூடிய இன்னும் இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே ஒரு சோதனை ஓட்டம்

விண்ணப்பத்துக்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். சான்றிதழ் வகுப்பு நான்கு முடித்ததைவிட இது எஸ்ஓபியில் எடுபடும். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியும் ஓரளவு நல்ல இணையமும் போதும்.

‘1000 ஜீனோம்ஸ்’ திட்டத்தின் மூன்றாம் கட்டத் தரவு யாருக்கும் இலவசம். 26 குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத்தொகுதி அதில் இருக்கிறது. தெற்காசியர் 489 பேர், ஐந்து குழுக்கள்: ஹூஸ்டனில் வாழும் குஜராத்தியர் 103, லாகூர் பஞ்சாபியர் 96, வங்கதேச வங்காளியர் 86, பிரிட்டனில் வாழும் தெலுங்கர் 102, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102. இந்தியாவுக்குள் எடுத்த மாதிரி ஒன்றுகூட இல்லை என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் குரோமோசோமையும் இறக்க வேண்டாம். 22-ஆம் குரோமோசோம் மட்டும் போதும். சுருக்கிய கோப்பு சுமார் 200 எம்பி, அதில் ஏறத்தாழ 11 லட்சம் மாறுபாட்டு இடங்கள் இருக்கின்றன. லினக்ஸ் முனையத்தில் ‘பிளிங்க்’ என்ற இலவச மென்பொருளை வைத்து வேலையைத் தொடங்குங்கள். முதலில் தெற்காசியர் 489 பேரை மட்டும் பிரித்தெடுங்கள். பிறகு 5 விழுக்காட்டுக்கும் குறைவாகக் காணப்படும் அரிய மாறுபாடுகளை நீக்குங்கள். அதன்பின் ஒன்றோடொன்று ஒட்டி மரபாகும் இடங்களைக் களையெடுங்கள்: 50 இடங்கள் கொண்ட சன்னல், 10 இடமாக நகர்த்து, ஆர்-ஸ்கொயர் (இரண்டு இடங்கள் எவ்வளவு ஒட்டி வருகின்றன என்ற அளவு) 0.1. மிஞ்சியதை வைத்து முதன்மைக்கூறு வரைபடம் (மரபணு ஒத்தவர்களை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் படம்) போடுங்கள். அதே கோப்பை ‘அட்மிக்ஸ்சர்’ என்ற மென்பொருளில் கொடுத்து, கே என்ற எண்ணை (எத்தனை கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்பதை) 2 முதல் 6 வரை மாற்றி ஓட்டுங்கள்.

இதில் தவறு நேரும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். களையெடுப்பதை விட்டுவிட்டால் வரைபடத்தின் அச்சு மக்களைக் காட்டாது, குரோமோசோமின் ஏதோ ஒரு நீண்ட துண்டைக் காட்டும். நெருங்கிய உறவினர் இருவர் தரவில் இருந்தால் அவர்களே தனிக் கொத்தாக ஒதுங்குவார்கள். பிறகு வேறொரு தரவைச் சேர்க்கும்போது ஒன்று ஜிஆர்சிஎச் 37 எண்முறையிலும் (மரபணுத்தொகுதியில் இடங்களுக்கு எண் தரும் முறையின் பதிப்பு) மற்றது 38-லும் இருந்தால் இடங்கள் பொருந்தாது. மென்பொருள் பிழை காட்டாமல் அபத்தமான படத்தைத் தந்துவிடும் என்பதுதான் இதில் மோசம். அட்மிக்ஸ்சரை ஒரே முறை ஓட்டி நிறுத்துவதும் தவறு. ஒவ்வொரு கே-க்கும் வெவ்வேறு தொடக்க எண்ணில் பத்து முறையாவது ஓட்டி, விடை ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள்.

இனிதான் உண்மையான பாடம். படத்தில் தமிழர் புள்ளிகளும் தெலுங்கர் புள்ளிகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். உடனே ‘இருவரும் ஒன்றே’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நீங்கள் பார்ப்பது தெலுங்கு மண்ணையோ தமிழ் மண்ணையோ அல்ல, பிரிட்டனுக்குப் போய்ச் சேர முடிந்த 204 பேரை. இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக அங்கே போனது 1983-க்குப் பிறகு. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் ‘தமிழர்’ என்று ஒப்பிடும்போது எடுக்கும் இந்தத் தொகுதிக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. யார் கப்பலோ விமானமோ ஏற முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்பது சாதியையும் சொத்தையும் பொறுத்தது. அது எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. கே-யை 3 என்று கொடுத்தால் மூன்று நிறம் வரும், 5 என்று கொடுத்தால் ஐந்து. அந்த நிறங்கள் மூதாதையர் அல்ல. நீங்கள் கொடுத்த எண்ணுக்கு மென்பொருள் கண்டுபிடித்த வசதியான பிரிவுகள். எண்ணிக்கையில் பெரிய குழுவும், நீண்டகாலம் தனித்து மணம் செய்த குழுவும் சீக்கிரமே தனி நிறம் பெற்றுவிடும்.

இதோடு 2009-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்திய மக்கள்தொகை வரலாற்று ஆய்வையும் படியுங்கள். 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மாதிரிகள் அதில் உள்ளன. ‘மூதாதை வட இந்தியர்’, ‘மூதாதை தென்னிந்தியர்’ என்ற பெயர்கள் அங்கிருந்துதான் பரவின. முடிவுப் பகுதியைவிட, மாதிரிகள் எங்கே எடுக்கப்பட்டன, குழுப்பெயர் எப்படிப் பதிவானது என்பதைச் சொல்லும் துணைப்பகுதியை மெதுவாகப் படியுங்கள். ‘வட’, ‘தென்’ என்ற சொற்கள் ஒரு புள்ளியியல் கூறுக்கு வைத்த பெயர்கள், பிறகு அவை அரசியல் மேடைக்கு எப்படிப் போயின என்று நான்கு பக்கம் எழுதுங்கள். வரைபடமும் இந்த நான்கு பக்கமும் சேர்ந்தால் விண்ணப்பத்துக்கான எழுத்து மாதிரியின் முதல் வரைவு ஆயிற்று.

யாரிடம் போவது

அமெரிக்காவில் மானுடவியல் துறைகள் பல உடல்சார் மானுடவியலையும் பண்பாட்டு மானுடவியலையும் ஒரே கூரையில் வைத்திருக்கின்றன. நமக்கு வசதியான அமைப்பு அது. இல்லினாய் பல்கலைக்கழகம் (அர்பானா-சாம்பெய்ன்), கனெக்டிகட், கன்சாஸ், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ, சான்டா குரூஸ் வளாகங்கள் ஆகியவற்றில் இந்த வகை வேலை நடந்து வருகிறது. சான்டா குரூஸில் மானுடவியலுக்குள் தொல் டிஎன்ஏ வேலையும், தனியாக ‘அறிவியலும் நீதியும்’ ஆய்வு மையமும் உண்டு. ஆசிரியர்கள் இடம் மாறுவார்கள். ஆகவே துறைப் பக்கத்தை அந்தந்த ஆண்டு பார்த்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

பிப்பெட் பிடிக்காமல் ஆய்வகத்தைப் பார்த்து எழுத விரும்புபவர் அறிவியல்-தொழில்நுட்பச் சமூக ஆய்வுத் துறைகளைப் பாருங்கள்: எம்ஐடி, கார்னெல், எடின்பரோ. இனமும் தடயவியல் மரபணுவும் பற்றிய களப்பணிக்கு ஆம்ஸ்டர்டாமின் மானுடவியல் பெயர் பெற்றது. லைப்ஸிக்கின் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் ஆய்வகப் பயிற்சி உலகத்தரம். அங்கே முனைவர் ஆய்வாளருக்குச் சம்பளத்தோடு பணி ஒப்பந்தம் போடுவது வழக்கம். ஆனால் விமர்சன ஆய்வைத் தனியாக வேறொருவரிடம் கற்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் செய்ய விரும்பினால் சென்னை, புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி பல்கலைக்கழகங்களின் மானுடவியல் துறைகள் இருக்கின்றன. மரபணுப் பக்கம் ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி, லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம். இங்கே சிக்கல் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தொடங்குகிறது: மானுடவியலுக்கு யுஜிசி நெட், ஆய்வகத்துக்குப் பெரும்பாலும் சிஎஸ்ஐஆர் நெட். எந்தக் கதவு முதலில் என்று முடிவு செய்து, மற்றதை இணை நெறியாளர் மூலம் பிடியுங்கள். அந்தத் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011-ல் இல்லினாயில் தொடங்கி, பிறகு நியூசிலாந்து, கனடா வரை பரவிய ‘சிங்’ என்ற கோடைப் பயிற்சி மிகச் சிறந்தது. ஒரே வாரத்தில் பிப்பெட்டும் நெறியும் அரசியலும் சேர்த்துக் கற்றுத் தருகிறார்கள். ஆனால் அது அந்தந்த நாட்டுத் தொல்குடி மக்களுக்கானது. தங்கள் ரத்தத்தைப் பிறர் மட்டுமே ஆராய்ந்த நிலையை மாற்றத்தான் அவர்கள் அதைக் கட்டினார்கள். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். பாடத்திட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல், விண்ணப்பம்

செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் அக்டோபர் முடிவதற்குள் ஆசிரியர்களுக்கு எழுதுங்கள். 200 சொல்லுக்கு மேல் வேண்டாம். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற பணிகளைக் கண்டு’ என்ற பாணியை அங்கே யாரும் படிக்க மாட்டார்கள். முதல் வரியில் உங்கள் கேள்வி. அடுத்து, அவருடைய ஒரு கட்டுரையில் எந்த இடம் உங்கள் கேள்வியைத் தொடுகிறது என்று இரண்டு வரி. பிறகு நீங்கள் செய்து பார்த்தது: ‘தெற்காசியர் 489 பேரின் 22-ஆம் குரோமோசோமை வைத்து இதைப் போட்டேன், இந்த இடத்தில் சந்தேகம் வந்தது’. கடைசியில் ஒரே கேள்வி: அடுத்த ஆண்டுக்கு மாணவர் எடுக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். அவர் எடுக்கவில்லை என்றால் அந்தத் துறைக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதில் அர்த்தமில்லை. கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 160 டாலர். எட்டு இடத்துக்குப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கட்டண விலக்கு உண்டா என்று துறை அலுவலகத்துக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2025-ல் அமெரிக்காவின் கூட்டரசு ஆய்வு நிதி குறைந்ததால் சில துறைகள் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. ஆகவே ‘இந்த ஆண்டு சேர்க்கை உண்டா’ என்பதை ஆசிரியரிடம் மட்டுமல்லாமல் துறை அலுவலகத்திலும் உறுதி செய்யுங்கள்.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 15 வரை. மானுடவியலில் பல துறைகள் ஜிஆர்இ என்ற பொதுத் தேர்வைக் கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வான டோஃபெலின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், ஆகவே ரொம்ப முன்னதாக எழுதிவிடாதீர்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. முதுகலை இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

நம் ஊர் விண்ணப்பங்கள் சரிவது பரிந்துரைக் கடிதத்தில்தான். ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று பேராசிரியர் சொல்வார். மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதியது என்பது தேர்வுக் குழுவுக்குப் பத்து வரியில் புரிந்துவிடும். அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த வகுப்பில் என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், எப்படிச் சரிசெய்தேன், தேதியோடு. அதை வைத்து அவர் தன் நடையில் எழுதட்டும். கடிதம் ஏற்ற வேண்டிய இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்கு நேராகப் போகும். தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை, கல்லூரி முகவரி வேண்டும் என்கின்றன. அந்த முகவரியின் கடவுச்சொல்லையே அவர் மறந்திருக்கக்கூடும். நவம்பர் முதல் வாரமே நேரில் போய் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பணம்

முழு உதவி என்று கடிதம் வந்தால் நான்கு விஷயம் பாருங்கள்: கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடியா, மாதத்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடு உண்டா, எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் உறுதி. ஒன்பது மாதத் தொகை என்றால் கோடையில் மூன்று மாதம் வாடகைக்கு வழி தேட வேண்டும். எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது, ஆகவே ‘போய்ச் சமாளிக்கலாம்’ என்ற கணக்கு வேலைக்கு ஆகாது. ஐந்தாவதாக, யாரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்: என் மாதிரிகளைப் படிக்கும் ஆய்வகச் செலவு யார் கணக்கில்? அது கைடின் நிதியில் என்றால், அந்த நிதி எந்தக் கேள்விக்காக வந்ததோ அந்தக் கேள்விதான் உங்கள் ஆய்வேட்டுக்குள்ளும் வரும்.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) தரும் பெரிய பட்டமேற்படிப்பு நல்கை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமையுள்ளவர்களுக்கும் மட்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வென்னர்-கிரென் அறக்கட்டளையின் களப்பணி நல்கைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் படிப்பில் பதிந்திருந்தால் போதும். 25,000 டாலர் வரை கிடைக்கும், ஆண்டுக்கு இரண்டு தேதி, மே 1, நவம்பர் 1. இந்தியாவில் பதிந்து படிப்பவருக்கு ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நல்கை ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்க ஆய்வகத்தில் இருக்க வழி செய்யும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஒரு பொறி இருக்கிறது. 2022-ல் வந்த விதித் திருத்தம் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கியது. சாதியையும் மரபணுவையும் பற்றி ஒரு தலித் மாணவர் அந்தப் பணத்தில் அயல்நாட்டில் ஆராய முடியாது என்பதுதான் இதன் விளைவு. அதிகாரம் பற்றிய படிப்பு விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்தந்த ஆண்டு அறிவிக்கையை வரி வரியாகப் படித்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறையின் அயலகக் கல்வி உதவியையும் கூடவே பாருங்கள்.

அனுமதி

1990-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராண்ட் கேன்யனின் அடியில் வாழும் ஹவாசுபாய் மக்களிடம் ரத்தம் எடுக்கத் தொடங்கினார்கள். நீரிழிவு ஆய்வுக்கு என்று மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். ஒப்புதல் படிவத்திலோ அதைவிட அகலமான சொற்கள் இருந்தன. அந்த ரத்தம் பிறகு மனச்சிதைவு, உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் மணம்), இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் போனது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக நம்பும் மக்களுக்கு, ‘நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள்’ என்று அவர்கள் ரத்தத்தை வைத்தே சொன்னார்கள். 2003-ல் அந்த ஊர்ப் பெண் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்தார். தன் மக்களின் மாதிரி திரையில் வருவதைக் கண்டு, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். வழக்கு 2010-ல் முடிந்தது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கிடைத்தது, மிஞ்சிய ரத்தமும் திரும்பியது.

உங்கள் வாய்மொழித் தேர்வில் யார் எழுந்து நின்று என்ன கேட்கலாம் என்பதை முதல் ஆண்டிலேயே எழுதி வையுங்கள். அமெரிக்காவில் ஐஆர்பி என்ற நெறிமுறைக் குழு உயிரோடு இருப்பவரைத்தான் ‘ஆய்வுக்கு உட்படும் மனிதர்’ என்று கொள்கிறது. எலும்பு அதன் எல்லைக்குள் வராது. பெயர் நீக்கிய பொதுத் தரவும் பெரும்பாலும் வராது. அதாவது யாரையும் கேட்காமலேயே ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிட முடியும். 2017-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள சாக்கோ பள்ளத்தாக்கின் பியூப்ளோ தொல்குடி எலும்புகள் பற்றிய கட்டுரை வந்தபோது, இன்றைய பியூப்ளோ மக்களை ஏன் கலந்து பேசவில்லை என்ற கண்டனம் எழுந்தது இதனால்தான். தொல்குடி எலும்புகளைத் திருப்பித் தருவது பற்றிய 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்கு 2024 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. இப்போது ஆய்வுக்கு முன்பே அந்த மக்களின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்கத் தொல்குடியினரான நவஹோ தேசம் 2002-ல் மரபணு ஆய்வுக்குத் தடையே விதித்தது. ‘வேண்டாம்’ என்ற பதிலும் ஒரு முழுமையான பதில். அதை ஏற்றுக்கொண்டு தலைப்பை மாற்றத் தயாராக இருங்கள்.

நீலகிரியில் களப்பணி என்றால் நிறுவன நெறிமுறைக் குழு, சமூகத்தின் ஒப்புதல், தனிநபர் ஒப்புதல் மூன்றும் தேவை. சமூகத் தலைவர் சரி சொன்னதால் தனிநபர் சரி சொன்னதாக ஆகாது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஊர் காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி தனி. அயல்நாட்டுப் பல்கலைக்கழகமோ அயல்நாட்டுப் பணமோ சேர்ந்தால் ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குப் போக வேண்டும். விண்ணப்பிப்பவர் இந்தியக் கூட்டாளர்தான், நீங்கள் அல்ல. ஆகவே அவரை முதல் ஆண்டிலேயே பிடியுங்கள். பலர் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குப் போய் அலைகிறார்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் மனித மரபணுப் பொருளை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது, அங்கே உங்களுக்கு வேலை இல்லை.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிவிட்டு இருளரிடமோ பணியரிடமோ கொடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவர்களுடைய மொழி வேறு. ‘மரபணு’ என்ற சொல்லை வாசித்துக் காட்டுவதும் விளக்குவதும் ஒன்றல்ல. படிவத்தை ஊரில் ஒருவரிடம் வாய்விட்டு விளக்கி, அவரையே இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் ‘சுகர் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கறாங்க’ என்று வந்தால் படிவம் தோற்றது. திரும்ப எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு

அமெரிக்காவில் இடம் கிடைத்தால் பெரும்பாலும் ஏப்ரல் 15-க்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்தக் கைடிடம் படிக்கும் மாணவர் இரண்டு பேரிடம், கைடு இல்லாமல், பேசுங்கள். ஆய்வகம், களம் இரண்டையும் சேர்த்து முடித்தவர் யார், எத்தனை ஆண்டு ஆனது என்று கேளுங்கள். ஆறு, ஏழு ஆண்டு என்றால் இயல்பு. ஒருவர்கூட முடித்ததில்லை என்றால் நீங்கள்தான் முதல் சோதனை.

இரண்டாம் ஆண்டுக்குள் ஆய்வேட்டின் வடிவத்தைக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். மரபணுப் பக்கம் பலர் பெயரோடு வரும் மூன்று கட்டுரைகளைக் கேட்பார்கள். பண்பாட்டு மானுடவியல் பக்கம் ஒருவரே எழுதிய நூல் போன்ற ஒன்றை எதிர்பார்ப்பார்கள். இதைப் பேசாமல் விட்டால் ஐந்தாம் ஆண்டில் இரண்டையும் எழுதச் சொல்வார்கள்.

அதே தாளில் மாதிரிகள் பற்றியும் எழுதி, கைடும் ஆய்வகமும் ஊர்ப் பிரதிநிதிகளும் கையெழுத்திடச் செய்யுங்கள். மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரில் எந்த அடுக்கு, எத்தனை குழாய், நீங்கள் பட்டம் வாங்கிப் போனபின் சாவி யாரிடம், புதிய கேள்விக்குத் திறக்க வேண்டுமென்றால் ஊரில் யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தேதியில் திருப்பித் தர அல்லது அழிக்க வேண்டும். குழாயின் மேல் எழுதும் மை அந்தக் குளிரில் ஆண்டுக்கணக்கில் அழியாததாக இருக்கட்டும். பெயர் அழிந்த குழாயை யாரிடமும் திருப்பிக் கொடுக்க முடியாது.